ஹெரால்டின் கதவு ரப்பர்: ஊறவைப்பதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா 1970-இல் வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார். பதினைந்து வருடம் ஷெட்டில் நின்றது. டிங்கரிங் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது, அடுத்தது பெயிண்ட். கதவு பீடிங், டிக்கி பீடிங் (மூடும் ஓரத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டைகள்), முன் கண்ணாடி ரப்பர் எல்லாம் கட்டை மாதிரி இறுகிப்போயிருக்கின்றன. விண்டர்கிரீன் எண்ணெயையும் சைலீன் என்ற கரைப்பானையும் கலந்து ஊறவைத்தால் புதிதுபோல ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னாராம். அது உண்மையா, எந்த அளவில் கலப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலவை உண்மைதான், வேலையும் செய்யும். ஆனால் 'புதிதுபோல' என்பதை நம்பாதீர்கள். இருபது வருடமாகப் பழைய வண்டிகளோடு இருக்கிறேன். ஊறவைத்த பீடிங்கை நம்பி மழைக்காலத்தைத் தாண்டிய வண்டி ஒன்றிரண்டுதான். பழைய ரப்பரை மென்மையாக்குவதால் கிடைக்கும் பெரிய பயன் வேறு: சூடு காட்டினால் அது உடையாமல் முழுசாகக் கழன்று வரும், கழற்றிய பிறகு ஊறவைத்தால் அமுங்கிக் கிடந்த உதடு, அதாவது அதன் மெல்லிய ஓரம், கொஞ்சம் எழும்பித் தன் பழைய வடிவத்தைக் காட்டும். அந்த வடிவத்தை வைத்துப் புதிய ரப்பர் செய்துகொள்ளலாம். உங்கள் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ரப்பர் ஏன் இறுகுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால் கடைக்காரர் நீட்டும் பாதி டப்பாக்களை நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

பீடிங் ரப்பர் என்பது வெறும் ரப்பர் இல்லை. கார்பன் கரி, மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, கொஞ்சம் மெழுகு எல்லாம் கலந்து பிசைந்து, அச்சில் தள்ளி, சூட்டில் வேகவைத்தது. கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஆங்காங்கே முடிச்சுப் போடுகிறது. சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தது இந்த முடிச்சைத்தான். அளவான முடிச்சு இருந்தால் ரப்பர் அமுங்கி, திரும்பி எழும். வருடங்கள் போகப்போக இரண்டு விஷயம் நடக்கிறது. சேர்த்த எண்ணெய் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. காற்றும் வெயிலும் சூடும் சேர்ந்து இழைகளுக்கு இடையே மேலும் மேலும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகின்றன. எண்ணெய் போனதை ஓரளவு ஈடுகட்டலாம். விழுந்த முடிச்சை எந்த எண்ணெயாலும் அவிழ்க்க முடியாது.

காய்ந்துபோன சப்பாத்தியில் தண்ணீர் தெளித்துச் சூடு பண்ணினால் மெதுவாகும். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும்; ஆறவிட்டால் முன்னைவிட விறைத்துப்போகும். ரப்பரை ஊறவைப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஊறும்போது திரவம் இழைகளுக்கு நடுவே புகுந்து விலக்கிக்கொடுக்கிறது. திரவம் பறந்துபோனதும் பழைய இறுக்கம் திரும்புகிறது.

இன்னொன்று, ஓசோன். காற்றில் இருக்கும் துளி ஓசோனே இயற்கை ரப்பரையும் எஸ்பிஆர் என்ற செயற்கை ரப்பரையும் வெட்டிவிடும், அதுவும் இழுபட்டு நிற்கும் இடத்தில். கதவின் மூலைகளில் பீடிங் வளையும் இடத்தில் குறுக்குக் குறுக்காக வெடிப்பு விழுந்திருக்குமே, அது இந்த வேலைதான். நேரான பகுதி நன்றாக இருக்க மூலை மட்டும் போவது இதனால்தான். வெடிப்பு விழுந்த ரப்பரை எதில் ஊறவைத்தாலும் வெடிப்பு ஒட்டிக்கொள்ளாது. ஊறி வீங்கும்போது இன்னும் வாய் பிளக்கும்.

சரி, உங்கள் கையில் இருப்பதைச் சோதிக்கலாம். கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்துங்கள். தடம் விழுந்து, மெதுவாகவாவது மறைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. நகமே இறங்கவில்லை என்றால் ஒரு ஓரத்தைக் கட்டைவிரல்மேல் வைத்து மெல்ல வளையுங்கள். மேற்தோலில் மட்டும் மெல்லிய வெடிப்புத் தெரிந்து, உள்ளே கறுப்பாக இருந்தால் முயன்று பார்க்கலாம். சடக்கென்று உடைந்தாலோ, வெடிப்பு ஆழமாக இறங்கியிருந்தாலோ ஊறவைத்துப் பயனில்லை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, பலர் இதில்தான் தவறு செய்கிறார்கள். மேசை டிராயரில் வருடக்கணக்காகக் கிடந்த ரப்பர் பேண்டைப் பார்த்திருப்பீர்கள். சிலது மொறமொறவென்று உடையும், சிலது தார் மாதிரி உருகி ஒட்டும். இயற்கை ரப்பருக்கு இரண்டாவது குணமும் உண்டு. முடிச்சு கூடுவதற்குப் பதில் இழைகளே அறுந்துபோகும். கையில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும் பீடிங்கை ஊறவைத்தால் கூழாகிவிடும். அதை அப்படியே அளவெடுத்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பஞ்சு ரப்பரையும், அதாவது உள்ளே துளைத்துளையாக இருக்கும் மெத்தென்ற வகையையும், ஊறவைக்கக் கூடாது. அது உறிஞ்சிக்கொண்டு பிய்ந்துவிடும். கதவுத் திறப்பைச் சுற்றித் துணி போர்த்திய பைப்பிங் இருந்தால் அதையும் தொடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஃபர்ஃப்ளெக்ஸ் என்று சொல்லும் அந்த வகைக்குள் இரும்புக் கம்பிச் சுருள் இருக்கும், துணி பசையால் ஒட்டியிருக்கும். சைலீன் பட்டால் பசை கரைந்து துணி தனியாக வந்துவிடும்.

இப்போது முன் கண்ணாடி ரப்பர். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும்: அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். வெட்டி எடுங்கள். என் முதல் வண்டியில் ரப்பரை முழுசாகக் கழற்ற ஆசைப்பட்டு, சூடு காட்டி, உதட்டைத் தூக்கி, உள்ளிருந்து காலால் தள்ளினேன். இறுகிய ரப்பர் ஒரு பக்கம் விட்டது, மறுபக்கம் விடவில்லை. கண்ணாடி ஒரே நொடியில் பொடிப்பொடியானது. அந்த வண்டிக்கு இன்னொரு கண்ணாடி கிடைக்க எட்டு மாதம் ஆனது. ரப்பர் மறுபடி செய்யக்கூடிய பொருள். அந்த வளைவுக் கண்ணாடி அப்படிச் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே வெளிப்பக்கம் இருக்கும் பளபள ஸ்ட்ரிப்பை முதலில் நெளியாமல் உருவி எடுத்துவிட்டு, புது பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ரப்பரின் வெளி உதட்டைக் கண்ணாடி ஓரமாகவே சுற்றிலும் அறுத்துவிடுங்கள். கண்ணாடி தானாகக் கையில் வரும். அறுத்த ரப்பரில் நான்கு அங்குலத் துண்டு ஒன்று மட்டும் சிதையாமல் கிடைத்தால் போதும், மாதிரிக்கு.

உங்கள் வண்டியில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. உங்கள் வண்டிக்கு மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்ட் இங்கிலாந்தில் 1959-இலிருந்து 1971 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது. இன்றும் அங்கே அதைப் பராமரிப்பவர்கள் நிறையப் பேர், அதனால் முன் கண்ணாடி ரப்பர், பானெட் உட்காரும் கூம்பு ரப்பர்கள், பெடல் ரப்பர் போன்றவை புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அதெல்லாம் வரவழைத்துக்கொள்ளலாம். வாங்கும்முன் உங்கள் பழைய ரப்பரின் குறுக்குவெட்டை விற்பவரின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் அகலமும் தகடு உட்காரும் பள்ளத்தின் அகலமும் ஒத்துப்போக வேண்டும்.

கெட்ட செய்தி, நான்கு கதவு. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு ஹெரால்ட் நம் வண்டலூரில் மட்டும் செய்தது. ஆகவே உங்கள் பின் கதவு ரப்பர்களை உலகத்தில் எந்தக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது. செய்த தொழிற்சாலை மூடி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அம்பாசிடர் 2014 வரை வந்துகொண்டிருந்ததால் அதன் பீடிங் இன்றும் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஹெரால்டுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் பின் கதவில் இருக்கும் அந்த இறுகிய ரப்பர்தான் இப்போது அந்த வடிவத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே வரைபடம். அதனால்தான் அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பிய்க்க வேண்டாம் என்கிறேன். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எப்போதாவது ஒரு ஹெரால்ட் கதவு கண்ணில் பட்டால், ரப்பர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதையும் வாங்கி வையுங்கள். உங்கள் கதவில் நசுங்கிய இடம் அதில் நசுங்காமல் இருக்கலாம்.

கழற்றுவது எப்படி? வண்டியில் இருக்கும்போது ரசாயனம் வேண்டாம். ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து பீடிங்மேல் பத்து நிமிடம் போர்த்துங்கள், அல்லது ஹேர் டிரையரால் தொட்டால் பொறுக்கும் அளவு சூடு காட்டுங்கள். நல்ல வெயிலில் கதவைத் திறந்து ஒரு மணி நேரம் நிறுத்தினாலே பாதி வேலை ஆகிவிடும். அப்புறம் தூண்டில் நரம்பை ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே கொடுத்து, இரு கையாலும் பிடித்து, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போங்கள். பழைய பசை அறுபட்டு ரப்பர் நீளமாக வரும். நிற்கும் இடத்தில் மூங்கில் குச்சியைச் சீவி ஆப்பு மாதிரி வைத்துக்கொள்ளலாம். கழற்றிய ஒவ்வொரு துண்டிலும் எந்தக் கதவு, எந்தப் பக்கம், எது மேல் என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எல்லாத் துண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இனி அந்தக் கலவை. விண்டர்கிரீன் எண்ணெயில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். நீலகிரியில் வளரும் ஒரு குற்றுச்செடியின் இலையிலிருந்து அதை வடிப்பார்கள். ஊட்டியில் தைலம் விற்கும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். வலிக்குத் தடவும் களிம்புகளில் வரும் அந்தக் காரமான வாசனையே இதுதான். பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் மெத்தில் சாலிசிலேட் என்று கேட்டால் செயற்கையாகச் செய்தது கிடைக்கும், ரப்பருக்கு அதுவே போதும். இந்த எண்ணெய் தனியாக ரப்பருக்குள் மெதுவாகத்தான் இறங்கும். சைலீன் ரப்பரை வீங்கவைத்து வழி திறந்துவிடுகிறது, எண்ணெய் பின்னாலேயே உள்ளே போகிறது. பிறகு சைலீன் சீக்கிரம் பறந்துவிடும், எண்ணெய் கொஞ்ச காலம் தங்கும். அச்சகத்து உருளைகள், டைப்ரைட்டர் உருளை, கார்புரேட்டர் ரப்பர் குழாய் இவற்றை மென்மையாக்க இதைப் பலர் கையாண்டிருக்கிறார்கள்.

நான் கலப்பது ஒரு பங்கு எண்ணெய், மூன்று பங்கு சைலீன். பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ இருக்கட்டும், மூடி கட்டாயம். சாதாரணப் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், சில வகைகள் கரைந்து ஒழுகிவிடும். முதலில் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, பழைய பசையை எடுத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு ஒரு அங்குலத் துண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள், ஏனென்றால் ஒரே வண்டியில் இருக்கும் இரண்டு பீடிங்குகள் இரண்டு விதமான கலவையில் செய்ததாக இருக்கும். மெல்லிய உதடு உள்ள துண்டை அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தடித்த துண்டுக்கு ஒரு இரவுகூட ஆகலாம். விரலால் அழுத்தினால் அமுங்கி எழும் நிலை வந்ததும் எடுத்துவிட வேண்டும். வழுவழுவென்று ஜெல்லி போல ஆகிவிட்டால் அது கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

எடுத்த துண்டு முன்னைவிட நீளமாக, தடிப்பாக இருக்கும். கொடியில் தொங்கவிடாதீர்கள், தன் எடையிலேயே நீண்டுபோகும். நிழலில், பழைய செய்தித்தாள்மேல், தன் வளைவு கெடாமல் படுக்கவையுங்கள். குறைந்தது மூன்று நாள், தடித்தது என்றால் ஒரு வாரம். சைலீன் வாசனை முழுக்கப் போய், தைல வாசனை மட்டும் மிஞ்சிய பிறகுதான் உண்மையான அளவும் மென்மையும் தெரியும். ஈரம் இருக்கும்போதே அளவெடுத்துப் புது ரப்பருக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் பெரிதாக வந்துவிட்டதே என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றி. சைலீன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 27 டிகிரிக்குப் பக்கத்தில். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே அதைவிடச் சூடு. அதாவது திறந்த பாத்திரத்தின்மேல் எந்நேரமும் தீப்பிடிக்கத் தயாராக ஆவி நிற்கிறது. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெல்டிங் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மொட்டை மாடியில் நிழலான இடமே சரி. சாதாரண ரப்பர் கையுறை இதில் நிற்காது, அதுவே ஊறிவிடும். நீலநிற நைட்ரில் கையுறையும் கொஞ்ச நேரத்துக்குத்தான், அடிக்கடி மாற்றுங்கள். இடுக்கியால் எடுத்துப் போட்டால் கை படவே வேண்டாம்.

அதைவிட முக்கியம் அந்த எண்ணெய். காரத்தோடு மிட்டாய் வாசனையும் அடிக்கும், குழந்தைகளை இழுக்கும். ஒரு டீஸ்பூன், 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம்; இருபது மாத்திரைக்கு மேல். சின்னக் குழந்தைக்கு அது உயிரை எடுக்கும் அளவு. பாட்டிலைப் பூட்டி வையுங்கள், குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் இந்த வேலையைச் செய்யவே கூடாது, தோல் வழியாகவே உடம்பில் ஏறும். உங்கள் அப்பா கூட நின்று உதவுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மருந்துச் சீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மற்ற வைத்தியங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றும் ரப்பரை வீங்கவைக்கும். போகும்போது மிச்சம் இருந்த எண்ணெயையும் மெழுகையும் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். பத்து நாளில் முன்னைவிடச் சுருங்கி இறுகியிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு வாரம் பளபளக்கும். பிறகு சிக்கு வாடை, அதன்மேல் தூசி, எறும்பு. பிரேக் ஆயிலில் ஊறவைப்பதைச் சில பட்டறைகளில் இன்றும் செய்கிறார்கள். அது பெயிண்டைத் தின்றுவிடும் திரவம். புதிதாக அடித்த கதவில் அதில் ஊறிய பீடிங்கை ஒட்டினால் ஓரமெல்லாம் பெயிண்ட் சுருண்டு எழும். வாசலின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, இயற்கை ரப்பருக்கு ஆகாது. கிளிசரின் கெடுதல் செய்யாது. ஆனால் உள்ளே இறங்காது, மேலே வழுவழுப்பாக நிற்கும். இறுகிய ரப்பருக்கு மருந்தாகாது என்றாலும் நல்ல ரப்பரைப் பராமரிக்க உதவும். சமையலறையில் குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போடுவார்கள் இல்லையா? அன்றைய சமையல் முடிந்துவிடும், கேஸ்கெட் புதிதாகிவிடாது. இந்த வைத்தியங்களில் நல்லவையும் அந்த அளவுக்குத்தான்.

சிலிக்கான் ஸ்ப்ரே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயிண்ட் முடியும்வரை அந்த டப்பா உங்கள் ஷெட்டுக்குள்ளேயே வரக்கூடாது. காற்றில் பறந்து தகட்டில் படிந்த ஒரு துளி போதும், பெயிண்ட் அங்கே ஒட்டாமல் விலகி மீன்கண் மாதிரி குழி குழியாக நிற்கும். பெயிண்டர் காரணம் புரியாமல் மறுபடி தேய்த்து மறுபடி அடிப்பார், மறுபடியும் அதே குழி. பெயிண்ட் முழுக்கக் காய்ந்து, பீடிங் மாட்டிய பிறகு சிலிக்கான் கிரீஸை விரலில் தொட்டு மெல்லிசாகத் தடவலாம். அப்போது அது நல்ல பொருள்.

இப்போது மாதிரியிலிருந்து புதிய ரப்பர். காய்ந்த துண்டில் எது நசுங்காமல் இருக்கிறதோ அந்த இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கீல் பக்கத்தில், கீழ் முனையில், கதவு அழுத்தாத இடத்தில் இருக்கும். புது பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒரே இழுப்பில் நேர்க்குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தை ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, கிராஃப் தாளில் முத்திரை மாதிரி பதியுங்கள். குறுக்குவெட்டின் படம் அப்படியே அளவோடு விழும். நான்கைந்து இடத்தில் வெட்டிப் பதித்து ஒப்பிட்டால் எது உண்மையான வடிவம், எது நசுங்கியது என்று தெரிந்துவிடும். நீளத்தை மட்டும் பழைய ரப்பரிலிருந்து எடுக்காதீர்கள். எண்ணெய் போன ரப்பர் நீளத்திலும் சுருங்கியிருக்கும். கதவுத் திறப்பைச் சுற்றி ஒரு கயிற்றை ஓட்டி அளந்து, கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தோடு முதலில் போக வேண்டிய இடம் பஸ் பாடி கட்டுபவர்களுக்கு ரப்பர் கொடுக்கும் கடைகள். கரூர் பக்கம் பஸ் பாடி கட்டும் வேலை நடப்பதால், ஜன்னலுக்கும் கதவுக்கும் என்று எத்தனையோ வடிவங்களில் ரப்பர் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. உங்கள் டிக்கி பீடிங்குக்கு ஏறக்குறைய ஒத்த வடிவம் அங்கேயே கிடைத்துவிட வாய்ப்பு அதிகம். கிடைக்காத வடிவத்துக்கு அச்சு செய்து தள்ளிக் கொடுக்கும் சிறு பட்டறைகளை அணுகுங்கள். அவர்கள் குறைந்தபட்ச நீளம் ஒன்று சொல்வார்கள், அது ஒரு வண்டிக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக இருக்கும். அதே நான்கு கதவு ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் செலவு பிரிந்துவிடும். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். ஓசோனும் வெயிலும் அதை அவ்வளவு சீக்கிரம் தொடாது. கண்ணாடி ரப்பருக்கு, ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 60 முதல் 70 வரை கடினம் சரியாக இருக்கும், கதவு பீடிங்குக்கு அதைவிட மெத்தென்று, முடிந்தால் பஞ்சு வகையில் வேண்டும். மூலையை வளைக்க முயலாதீர்கள். 45 டிகிரியில் வெட்டி, ஃபெவிக்விக் வகைப் பசையால் சேர்த்தால் ஈபிடிஎம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

அச்சில் வார்த்த மூலைத் துண்டுகளும், கம்பி நுழையும் வளைய ரப்பர்களும் மட்டும்தான் உண்மையில் ஊறவைத்து மறுபடி மாட்டத் தகுந்தவை. அவற்றை மீட்டர் கணக்கில் செய்ய முடியாது, அவை அதிகம் அமுங்குவதும் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துக்கொண்டால் அவை காலத்தை ஓட்டிவிடும்.

மாட்டும்போது ஒரு விஷயம். புது பீடிங் ஒட்டியதும் கதவு மூடவில்லை என்றால் பீடிங்கைக் குறை சொல்லாதீர்கள். ஹெரால்டின் உடல் தனித்தனித் துண்டுகளாகச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டுக் கட்டியது. டிங்கரிங்கில் கழற்றி மாட்டும்போது கதவு இடைவெளி மாறியிருக்கும். பீடிங் இல்லாமலே கதவைத் தொங்கவிட்டு, கீலையும் பூட்டுத் தகட்டையும் சரிசெய்து, இடைவெளி சுற்றிலும் ஒன்றாக வந்த பிறகுதான் ரப்பர். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி இரு பக்கமும் தடவிக் காயவிட்டு அழுத்தும் பசை போதும். முதல் நாள் ஒட்டாமல் வெறுமனே பதித்து வைத்துக் கதவை மூடித் திறந்து பாருங்கள். பீடிங்மேல் சாக்பீஸ் தடவிக் கதவை மூடினால், எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று தகட்டில் வெள்ளைக் கோடு சொல்லிவிடும். தாள் ஒன்றை நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும்.

முன் கண்ணாடிக்கு ஆள் இரண்டு பேர் வேண்டும். புது ரப்பரை வெயிலில் அரை மணி வைத்துச் சூடேற்றி, முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். தகடு உட்காரும் பள்ளத்துக்குள் 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனையும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சாண் ஏறி வரும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாக. ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டே போனால் ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டித் தானாக உட்காரும். பளபள ஸ்ட்ரிப் கடைசியில். இதில் அவசரம் மட்டும் கூடாது. மூலை உட்காரவில்லை என்றால் கயிற்றைத் திரும்பப் பதித்து மறுபடி ஆரம்பியுங்கள், கையால் குத்தாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் கார்ப்பெட் போடும் முன் தோட்டத்துக் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகள் பெயிண்டுக்கு முன் பூசும் பட்டியாலோ (புட்டி) பெயிண்டாலோ அடைபட்டிருக்கிறதா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு, அது கீழே வெளியேறியாக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். பின் கதவின் மேல் மூலைத் துண்டைக் கழற்றியதும், வெட்டுவதற்கு முன்னால், எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். என்னிடம் ஒரு நான்கு கதவு ஹெரால்டின் இடப்பக்கத் துண்டு இருக்கிறது, நசுங்காதது. ஒத்துப்போனால் அதிலிருந்தே பதிவு எடுத்துத் தருகிறேன்.